எங்கள் ஓக் மரத்தரை: ஐந்து வருடத்துக்குப் பிறகு

இந்த வீட்டை வாங்கிய அன்றே கூடத்துக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் ஓக் மரத்தரை இருந்தது. பூச்சு போய், அங்கங்கே கறுத்திருந்தாலும் பலகைகள் உறுதியாகத்தான் இருந்தன. இரண்டு படுக்கையறைகளில் வெறும் ஒட்டுப்பலகை. கூடத்தைத் தேய்த்துப் புதுப்பிப்பது, அறைகளுக்குப் புதிதாக ஓக் போடுவது, இரண்டையும் நானும் தம்பியும் சேர்ந்தே செய்வது என்று முடிவெடுத்தோம். ஐந்து வருடம் அதன் மேல் நடந்து பழகிய பிறகு எழுதுகிறேன். எங்கெல்லாம் பொறுமையாக இருந்தோமோ அங்கெல்லாம் தரை இன்றும் அழகாக இருக்கிறது. அவசரப்பட்ட இடங்களை இப்போதும் விரல் வைத்துக் காட்ட முடியும்.

முதலில் பெரிய படுக்கையறை. நாங்கள் வாங்கியது 19 மில்லிமீட்டர் கனமும் இரண்டேகால் அங்குல அகலமும் உள்ள பலகை. ஒரு பக்கம் நாக்குபோல நீட்டிய விளிம்பு, மறுபக்கம் அது பொருந்தும் காடி. மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். நீளவாக்கில் அனேகமாக மாறாது, அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். அதனால் கட்டுகளைப் பிரித்து அறைக்குள் அடுக்கிவிட்டு, மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியை வைத்துப் பார்த்தோம். அடித்தளமான ஒட்டுப்பலகையில் 13 சதவீதம், ஓக் பலகையில் 7. மூன்று அங்குலத்துக்குக் குறைவான அகலம் என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அடித்தளம் 12-ஐத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான அளவு. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட விட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். 10-க்கும் 8-க்கும் வந்த பிறகுதான் முதல் ஆணி அடித்தோம்.

அடிக்கும்போது நான்கைந்து கட்டுகளிலிருந்து கலந்து எடுத்தோம். ஒரே கட்டிலிருந்து எடுத்தால் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். அடுத்தடுத்த வரிசைகளின் முனை இணைப்புகளுக்கு நடுவே ஆறு அங்குலமாவது விட்டோம். சுவர் ஓரம் சுற்றிலும் முக்கால் அங்குல இடைவெளி. அதை ஓரப்பட்டை மறைத்துவிடும். இந்த அறையில் ஐந்து வருடத்தில் ஒரு பலகைகூட எழும்பவில்லை.

சின்ன அறையை உறவினர்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பறந்தோம். ஈரமானியை அறையின் நடுவில் மட்டும் வைத்துப் பார்த்தேன். வெளிச்சுவர் ஓரத்தில் வைக்கவில்லை. இரண்டே மாதத்தில் அந்த ஓரத்துப் பலகைகளின் விளிம்புகள் மேலே எழும்பி, நடு குழிந்தன. அடியிலிருந்த ஈரத்தை வாங்கி, பலகையின் கீழ்ப்புறம் உப்பிவிட்டது. உடனே தேய்த்துச் சமப்படுத்தலாம் என்று தம்பி சொன்னான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஈரத்தோடு தேய்த்தால் விளிம்பு கரைந்துவிடும், பிறகு மரம் உலரும்போது நடுப்பகுதி மேடாக நிற்கும். ஒரு வருடம் விட்டுவைத்தோம். பெரும்பாலும் படிந்துவிட்டது. ஆனால் உப்பிய சமயத்தில் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி நசுங்கியதால், காற்று வறண்ட மாதங்களில் இன்றும் அங்கே இடுக்குகள் தெரிகின்றன.

கூடத்தில்தான் அதிகம் கற்றுக்கொண்டோம். வாடகைக்கு எடுத்த டிரம் சாண்டரை (உருளையில் உப்புத்தாள் சுற்றித் தரையைத் தேய்க்கும் இயந்திரம்) நகர்த்திக்கொண்டேதான் தரையில் இறக்க வேண்டும், நகரும்போதே தூக்கவும் வேண்டும். ஒரு நொடி ஓரிடத்தில் நின்றால் பள்ளம் விழுந்துவிடும். 36, 60, 80, 100 என்று, சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு, உப்புத்தாளை மாற்றிக்கொண்டே போனோம். ஜன்னல் மூலையில் மட்டும், இருட்டிவிட்டது என்று 36-லிருந்து நேராக 100-க்குத் தாவினேன். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அந்த மூலையில் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். வேறு யாரும் கவனித்ததில்லை, எனக்கு மட்டும் கண் அங்கேதான் போகும்.

கறுப்புக் கறைகள் தேய்த்தும் போகவில்லை. ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது, ஈரத்தோடு இரும்பு பட்டால் அது கறுத்துவிடும். ஆக்சாலிக் அமிலக் கரைசலைக் கையுறை போட்டுக்கொண்டு பூசி, நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு பெரும்பாலும் மறைந்தது.

கூடத்துக்கு மட்டும் எண்ணெய் சார்ந்த நிறப்பூச்சு கொடுத்தோம். துடைத்த துணிகளை எக்காரணம் கொண்டும் உருட்டிக் குவித்து வைக்காதீர்கள். உலரும் எண்ணெய் வெப்பத்தை வெளிவிடும், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கும். நாங்கள் ஒவ்வொன்றாக விரித்து வெளியே காயவைத்தோம். தேய்த்த மரத்தூளையும் அன்றன்றே வெளியேற்றினோம், முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை.

மேலே, எல்லா அறைக்கும் தண்ணீர் சார்ந்த பாலியூரித்தேன் என்ற பாதுகாப்புப் பூச்சு, மூன்று கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் 220 உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பு. தொட்டால் சில மணி நேரத்தில் காய்ந்ததாகத் தெரியும், ஆனால் முழுதாக இறுக ஒரு வாரமாவது வேண்டும். மூன்றாம் நாளே சோபாவைப் போட்டோம், நான்கு கால்களின் தடமும் பதிந்துவிட்டது.

அப்புறம் பராமரிப்பு. நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் ஒட்டு, தினமும் மென்மையான துடைப்பம், நன்றாகப் பிழிந்த துணி. நீராவித் துடைப்பான் வேண்டவே வேண்டாம். நான்காம் வருடம் கூடத்து வாசலருகே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். முத்தாக நிற்காமல் மெல்ல உள்ளே இறங்கியது. மரம் கறுக்கத் தொடங்குவதற்குள் பழைய பூச்சைச் சொரசொரப்பாக்கி இன்னொரு கோட் கொடுத்தோம். சோபாக் கால் தடங்களும் அதோடு மங்கின. ஒன்றரை நாள் வேலை.

அடுத்து சின்ன அறை. வெளிச்சுவர் ஓரம் ஆறு இடங்களில் பென்சிலால் குறி போட்டு, மாதம் ஒரு முறை ஈரமானி வைத்து எழுதிக்கொண்டு வருகிறேன். போன மூன்று மாதமும் எண் மாறவில்லை. இன்னும் இரண்டு மாதம் பார்த்துவிட்டு, தம்பிக்கு லீவு கிடைக்கும்போது சாண்டரை எடுக்கப் போகிறோம்.