பதிப்பாளர் இல்லாத பதிப்பகம்: புதிய எழுத்தாளரின் பார்வையில் கிண்டில் நேரடிப் பதிப்புச் சேவை

சிற்றிதழ்களில் இரண்டு மூன்று கதைகள் வந்து, இணைய இதழ்களில் இன்னும் சில வெளியாகி, முதல் நூலுக்குப் பதிப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கும் எழுத்தாளரிடம் நண்பர்கள் முதலில் சொல்வது, ‘கிண்டிலில் போட்டுவிடுங்கள்’ என்பதுதான். எழுத்தாளரே தம் நூலை மின்னூலாக ஏற்றி விற்பதற்கு அமேசான் நடத்தும் கிண்டில் நேரடிப் பதிப்புச் சேவையை, வழக்கில் சொல்வதானால் கேடிபியை, அப்படிப்பட்ட ஒருவரின் இடத்திலிருந்து மதிப்பிடுகிறேன். பகலில் வேறு வேலை, இரவில் எழுத்து. கணினியில் ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு குறுநாவல், சில கவிதைகள், பாதியில் நிற்கும் ஒரு மொழிபெயர்ப்பு. புதிதாக எழுத வருகிறவர்களில் பலருடைய கையிருப்பு இதுதான். இவை எல்லாவற்றுக்கும் இச்சேவை ஒரே அளவில் பயன்படாது.

மின்னூல் படிப்பதற்கான கிண்டில் கருவி விற்பனைக்கு வந்த 2007-ஆம் ஆண்டிலேயே இச்சேவையும் வேறு பெயரில் தொடங்கியது. தமிழுக்கு அதன் கதவு 2016-இன் இறுதியில் திறந்தது. கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. நூலை வேர்டு கோப்பாகவோ, மின்னூல் வடிவமான இபப் கோப்பாகவோ ஏற்றலாம். அட்டைப் படத்துக்கு 1600-க்கு 2560 படப்புள்ளி என்பது அவர்கள் பரிந்துரைக்கும் அளவு. ஏற்றிய நூல் 72 மணி நேரத்துக்குள் விற்பனைக்கு வந்துவிடும். நூல்களை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை. வரி விவரப் படிவம் மட்டும் அமெரிக்க நடைமுறைப்படி இருப்பதால் முதல் முறை பார்ப்பவர் திகைக்கலாம். அங்கே பான் எண்ணைத் தவறாமல் கொடுத்துவிட்டால், அமெரிக்கத் தளத்தில் நடக்கும் விற்பனைக்கான பிடித்தம் 30 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறையும்.

இச்சேவையின் உண்மையான மதிப்பு, தமிழ்ப் பத்திரிகையும் பதிப்பகமும் கைவிட்ட ஒரு நீளத்துக்கு அது இடம் தருவதில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். எட்டாயிரம் சொல்லில் ஒரு நெடுங்கதையோ பதினைந்தாயிரம் சொல்லில் ஒரு குறுநாவலோ எழுதியவர், அதை எங்கே கொடுப்பது என்று யோசித்துப் பார்த்தால் நிலைமை புரியும். வார இதழ்களில் சிறுகதைக்கான இடமே சில பக்கங்களாகச் சுருங்கிவிட்டது. சிற்றிதழ் ஆசிரியருக்கு மனம் இருந்தாலும் ஓர் இதழின் பாதியை அறிமுகமில்லாத ஒருவருக்கு ஒதுக்க முடியாது. பதிப்பாளரோ அறுபது பக்க நூலின் முதுகில் தலைப்பு அச்சிடக்கூட இடமில்லை என்பார், அதன் விலையில் கடைக்காரர் கழிவு போக என்ன மிஞ்சும் என்றும் கேட்பார். மின்னூலுக்கு முதுகும் இல்லை, தாள் செலவும் இல்லை. ஆகவே கதை கேட்கும் நீளத்தில் கதையை முடிக்கும் சுதந்திரம் எழுத்தாளருக்குக் கிடைக்கிறது. தொகுப்பாகச் சேரும்வரை காத்திராமல், குறுநாவலைத் தனி நூலாகவே வெளியிட்டு, அடுத்ததை எழுதத் தொடங்கிவிடலாம். குற்றக் கதையோ அறிவியல் புனைவோ தொடர் வரிசையாக எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனெனில் வரிசையின் முதல் நூலைப் படித்து முடித்தவருக்கு இரண்டாவதைத் தளமே எடுத்துக் காட்டுகிறது.

இந்த நீளத்தை அமேசானும் கவனித்தே இருந்தது. கேடிபியில் வெளியிடும் எழுத்தாளர்களுக்காக அது நடத்திய ‘பென் டு பப்ளிஷ்’ போட்டியில் 2018-ஆம் ஆண்டு தமிழ் சேர்க்கப்பட்டபோது, இரண்டாயிரம் முதல் பத்தாயிரம் சொல் வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் இன்னொரு பிரிவு என்று வகுத்திருந்தார்கள். அதனால் பலர் எழுத வந்தார்கள், அது நல்லதே. ஆனால் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாவதற்கு விற்பனையும் வாசகர் மதிப்புரையும் கணக்கில் கொள்ளப்பட்டதால், உறவினரும் அலுவலக நண்பர்களும் ஐந்து நட்சத்திரம் போடும் பழக்கமும் கூடவே வந்தது. புதிய எழுத்தாளர் ஒருவர் தம் நூலின் கீழே வரும் பாராட்டில் எதை நம்புவது என்று தெரியாமல் நிற்பது அவருடைய வளர்ச்சிக்கு உதவாது. மூன்று நட்சத்திரமிட்டு ஒரு பத்தி எழுதும் முன்பின் தெரியாத வாசகரே அவருக்கு வேண்டியவர்.

உரிமைத்தொகை விஷயத்தில் பெரும்பாலோர் 70 விழுக்காடு என்ற எண்ணைப் பார்த்ததும் மற்றதைப் படிப்பதில்லை. 35, 70 என்று இரண்டு விகிதங்கள் உண்டு. இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமானால், நூலைக் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். சேர்த்தால் 90 நாளுக்கு அதன் மின்வடிவம் வேறெங்கும், உங்கள் சொந்த வலைத்தளத்தில்கூட, முழுமையாகக் கிடைக்கக் கூடாது. அதற்கு ஈடாக, கிண்டிலுக்குச் சந்தா கட்டிப் படிக்கும் வாசகர்கள் புரட்டும் பக்கங்களுக்கு ஏற்ப ஒரு தொகையும், அந்த 90 நாளில் 5 நாள் வரை நூலை இலவசமாகத் தரும் வசதியும் கிடைக்கின்றன. மேலும் 70 விழுக்காட்டில் கோப்பின் அளவைப் பொறுத்து மெகாபைட்டுக்கு 7 ரூபாய் வீதம் அனுப்புகைக் கட்டணம் கழிக்கப்படும். வெறும் எழுத்து மட்டும் உள்ள குறுநாவல் ஒரு மெகாபைட்டைத் தாண்டாது. 100 ரூபாய் விலைக்கு, வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 93 ரூபாயில் 70 விழுக்காடாக 65 ரூபாய் சொச்சம் எழுத்தாளருக்கு வரும். அச்சு நூலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பத்து விழுக்காட்டோடு ஒப்பிட்டால் இது தாராளம்தான். ஆனால் ஓவியங்களோடு சிறுவர் கதை ஒன்றைச் செய்து, கோப்பு 8 மெகாபைட்டாகிவிட்டால், 56 ரூபாய் அனுப்புகைக்கே போய், மிச்சமுள்ள 44-இல் 70 விழுக்காடு, அதாவது 31 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகத்தான் கைக்கு வரும். அதே நூலை 35 விழுக்காட்டில் வைத்தால் அனுப்புகைக் கட்டணமே கிடையாது, 35 ரூபாய் கிடைக்கும், செலக்ட் திட்டத்தின் கட்டும் இல்லை. படங்கள் நிறைந்த நூலுக்குக் குறைந்த விகிதமே லாபம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாது. பணமே நோக்கமில்லை, படித்தால் போதும் என்பவர், 2013 முதல் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில், அதாவது பிறரும் பகிரலாம் என்ற அனுமதியோடு, நூல்களை இலவசமாக வெளியிட்டுவரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டத்துக்குத் தரலாம். செலக்டில் இருக்கும் நூலை மட்டும் அங்கே கொடுக்க இயலாது.

கவிதைக்கு இச்சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாசகர் எழுத்தின் அளவைக் கூட்டினால் வரிகள் மடங்கும். எங்கே கவிஞர் நிறுத்தினார், எங்கே திரை நிறுத்தியது என்று தெரியாது. உரைநடைக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அதற்கும் ஒரு முன்வேலை உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாமல் ஏற்றவே கூடாது. மாற்றிய பிறகும் கொம்பும் காலும் ஆங்காங்கே இடம் மாறி நிற்கலாம் என்பதால், முன்னோட்டத்தில் பக்கம் பக்கமாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

இச்சேவையில் இல்லாத ஒரே மனிதர் கைப்பிரதியைச் செம்மைப்படுத்தும் பதிப்பாசிரியர் (எடிட்டர்), அவர் இல்லாத குறை ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். கேடிபி நூலை ஏற்பதற்குமுன் பார்ப்பது உரிமை, உள்ளடக்க விதிகள், வடிவம் ஆகியவற்றைத்தான். ஒற்று மிகும் இடமா மிகா இடமா, மூன்றாம் அத்தியாயத்தில் இறந்தவர் ஏழாம் அத்தியாயத்தில் தேநீர் குடிக்கிறாரா என்றெல்லாம் கேட்க அங்கே யாரும் இல்லை. எழுத்துப் பிழைக்கு வாணி, சந்திப் பிழைக்கு நாவி என்று இணையத்தில் இலவசக் கருவிகள் இருக்கின்றன. அவை காட்டுவதில் பாதியையாவது திருத்தியிருந்தால் கிண்டில் தமிழ் நூல்களுக்கு இன்று இருக்கும் கெட்ட பெயர் இருந்திருக்காது. கதையின் குறையைக் காட்ட மட்டும் கருவி கிடையாது. கூலி கொடுத்தோ, பதிலுக்கு அவருடைய கையெழுத்துப் படியைப் படித்துக் கொடுத்தோ, கண்டிப்பான ஒரு வாசகரை, நூலை ஏற்றுவதற்கு முன்பே பிடித்துவைத்துக்கொள்வது நல்லது. அட்டைக்குச் செலவிடும் பணத்தைக் குறைத்தாவது இதைச் செய்யலாம்.

நூலைக் கண்டடைவதும் எளிதில்லை. தேடற்சொல்லுக்கு ஏழு கட்டங்கள் தருகிறார்கள். தமிழ் வாசகரில் பலர் ஆங்கில எழுத்தில் தட்டியே தேடுவதால், கதைவகையையும் களத்தையும் இரு எழுத்திலும் கொடுப்பது உதவும்.

மொழிபெயர்ப்பை ஏற்றுவதற்குமுன் மூல உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெற்றிருக்க வேண்டும். இந்தியாவில் நூலாசிரியர் இறந்து 60 ஆண்டுக்குப் பிறகு உரிமை பொதுவாகிவிடும் என்றாலும், இந்தத் தளம் பல நாடுகளில் விற்கிறது, சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. விற்பனை நாடுகளைத் தேர்ந்தெடுக்கும் பகுதியை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது.

அச்சில்தான் இச்சேவை இங்குள்ளவரைக் கைவிடுகிறது. கேட்டால் அச்சிட்டுத் தரும் அதன் வசதி அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளின் தளங்களுக்கு உண்டு, இந்தியத் தளத்துக்கு இல்லை. அம்மாவின் கையில் கொடுக்க ஒரு பிரதி, நூலகத்துக்கு ஒரு பிரதி, சென்னைப் புத்தகக் காட்சியில் தெரிந்த கடையில் வைக்கப் பத்துப் பிரதி என்று வேண்டுமானால், குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டுத் தரும் உள்ளூர் அச்சகத்தைத்தான் நாட வேண்டும். செலக்ட் திட்டத்தின் தடை மின்வடிவத்துக்கு மட்டுமே என்பதால், அப்படி அச்சிட்டு விற்பதற்கு விதியில் தடையேதும் இல்லை. அந்தப் பதிப்புக்கான ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் கட்டணமின்றியே பெறலாம்.