மிச்சக் காசு வருமுன் பெரிய ஃபைலை அனுப்பாதீர்கள்

திருகோணமலையில் படமெடுக்கும் எல்லோரும் இதை வாசியுங்கள். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்று இந்த சீசனில் இளம் போட்டோகிராபர் ஒருவரிடம் 20 படம் கேட்டது. பேசியது 40,000 ரூபா, கைக்கு வந்தது 10,000. "தம்பி, பேஸ்புக்குக்கு மட்டும்தான். தெரிவு செய்ய அனுப்புங்கோ, மிச்சத்தை வெள்ளிக்கிழமை போடுறம்" என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு. அவர் 6,000 பிக்சல் ஒரிஜினல்களையே டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். பிறகு, "முதலாளிக்குப் பிடிக்கேல்லை." இரண்டு வாரத்தில் அதே படங்கள் அறை முன்பதிவுத் தளத்திலும் வீதியோர விளம்பரப் பலகையிலும் நின்றன. புறாத்தீவுப் படத்தின் கீழ் மூலையில் இருந்த அவருடைய பெயரை மட்டும் அளவாக வெட்டியிருந்தார்கள்.

தெரிவுக்கு நீளப் பக்கம் 1,200 பிக்சல் போதும். வாட்டர்மார்க்கை, அதாவது படத்தின் மேல் மங்கலாகப் பதியும் உங்கள் பெயரை, மூலையில் போடாமல் படத்தில் இருக்கும் படகு போன்ற முக்கியமான பொருளுக்கு மேலேயே குறுக்காகப் போடுங்கள், வெட்டினால் படமே போய்விடும். பெரிய ஃபைல், மிச்சக் காசு வங்கியில் விழுந்த பிறகுதான்.

"காசு தந்தனாங்கள், படம் எங்கட" என்பது பிழை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எடுத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு இருப்பவர் அந்த வேலையில் எடுத்தது மட்டுமே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். உரிமையைக் கைமாற்றவோ பாவிக்க விடவோ எழுத்தும் இரு தரப்புக் கையொப்பமும் வேண்டும். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. படத்தோடு பெயர் போடச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆகவே வேலைக்கு முன்பே ஒரு தாளில் எத்தனை படம், எங்கே, எவ்வளவு காலம், எவ்வளவு காசு, எந்தத் திகதிக்குள் என்று எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் சண்டைக்குப் போகுமுன் ஆதாரத்தை எடுங்கள், கேட்டவுடன் அழித்துவிடுவார்கள். இணைய முகவரியும் திகதியும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், பலகையின் படம், அந்தக் குரல் பதிவு, ரோ ஃபைல் (கமரா பதிந்த, திருத்தாத மூல ஃபைல்). அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த பிரேம்களைக் கட்டாயம் வைத்திருங்கள். எடுத்தவரைத் தவிர வேறு யாரிடமும் அவை இருக்காது.

பிறகு தொகையும் திகதியும் போட்ட கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பேஸ்புக்கில் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. சிறு தொகைப் பிணக்கு நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போகும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் வழக்குப் போட 6 வருடம் இருக்கிறது, வெறும் வேலைக்கூலிக் கோரிக்கைக்கு 1 வருடம்தான். அடுத்த சீசன் வரும்போது தருவார்கள் என்று காத்திருந்தால் அந்த 1 வருடமும் முடிந்துவிடும்.