இரு மாரத்தான்களுக்கு இடையில்: மெதுவான நெடுந்தூரமா, குறுந்தூர வேகமா?

பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானை முடிக்கும் புதுச்சேரி, கடலூர் ஓட்டக்காரர்கள், அடுத்த ஆண்டுக்கான 16 வாரப் பயிற்சியை அக்டோபர் நடுவில்தான் தொடங்க வேண்டியிருக்கும். இடைப்பட்ட ஏழெட்டு மாதங்களில் என்ன செய்வது என்பதில், கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓடுபவர்களிடையே இரு கட்சிகள் உண்டு.

முதல் இரண்டு வார ஓய்வைப் பற்றி விவாதமே வேண்டாம். 42.195 கிலோமீட்டர் ஓடிய கால்களில் வலி நாலைந்து நாளில் மறைந்தாலும், தசைநார்கள் சீராக வாரக்கணக்கில் ஆகும்.

அதன்பின் மெதுவாக, நிறைய ஓட வேண்டும் என்பவர்கள் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டை மேற்கோள் காட்டுவார்கள். வாரம் 160 கிலோமீட்டர் ஓடவைத்து அடித்தளம் அமைத்தவர் அவர். அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். நெடிய ஓட்டத்தால் தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்களும், செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன என்பதால் இந்த வாதம் வலுவானதே.

ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலை அது கணக்கில் கொள்வதில்லை. காலை ஐந்து மணிக்கே கடற்காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிய, உடலைக் குளிர்விப்பதற்காக ரத்தம் தோலுக்குத் திருப்பப்படுவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது; அரை மணிக்குப் பிறகு மெதுவான ஓட்டம் மெதுவான ஓட்டமாக இருப்பதில்லை. ஓர் ஆண்டு ஏப்ரல், மே ஞாயிறுகளில் இரண்டு மணிநேரம் விடாமல் ஓடிய நான், ஜூனில் முன்னங்கால் எலும்பு வலியோடு ஆறு வாரம் உட்கார நேர்ந்தது.

குறுந்தூரப் பயிற்சியோ முக்கால் மணியில் முடிந்துவிடும். புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் கால் மணிநேரம் உடலைச் சூடாக்கிக்கொண்டு, இடையிடையே நடந்து, 400 மீட்டரை எட்டு முறை விரைந்து ஓடினால் போதும். நான்கு மாதம் ஒரே வேகத்தில் ஓடி மந்தமான கால்களுக்கு அது துடிப்பைத் திருப்பித் தருகிறது. உடல் உள்வாங்கும் ஆக்சிஜனின் உச்ச அளவையும் கூட்டுகிறது. கால்களுக்கு இது சுமைதான் என்பதால், நாற்பதைக் கடந்தவர்களுக்கு மைதானத்தைவிடக் கடலூரை அடுத்த கேப்பர் மலை ஏற்றத்தையே பரிந்துரைப்பேன். மேட்டில் வேகம் குறைந்தாலும் உழைப்பு குறையாது, பாதம் தரையில் மோதும் அதிர்ச்சியும் குறைவு.

காயத்தோடு முடித்தவர்களுக்கு இரண்டுமே பொருந்தாது. அவர்கள் நீச்சலும் சைக்கிளும் கால் வலுப் பயிற்சியுமாகக் கோடையைக் கழிக்கலாம்.

மற்றவர்களுக்கு என் தேர்வு, மார்ச் இறுதி முதல் ஜூன் வரை வாரம் இரு நாள் வேகமும் மற்ற நாட்களில் சிறு ஓட்டங்களும். ஜூலை முதல் லிடியார்டின் வழி. இந்த வரிசையை முடிவு செய்வது வெயில் மட்டுமன்று, வடகிழக்குப் பருவமழையும்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததைப் போன்ற ஒரு வாரம், பயிற்சி உச்சத்தை நெருங்கும்போது எந்த ஆண்டும் குறுக்கிடலாம். செப்டம்பருக்குள் ஞாயிறு ஓட்டத்தை 18 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டவர், தெருவில் தண்ணீர் வடியும்வரை பதற்றமின்றி வீட்டில் இருக்கலாம்.