காசியில் தமிழ் கேட்டதும் உருகிவிடாதீர்கள்

காசிக்குப் போகத் திட்டமிட்டிருப்பவர்கள், அதிலும் எங்களைப் போல டூர் குழுவில் சேராமல் கணவன் மனைவி இரண்டு பேராகக் கிளம்புகிறவர்கள், இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ஜனவரியில் நானும் மனைவியும் போய் வந்தோம். நான்கு நாள் பயணம் ஆறு நாளானது. வீணாய்ப் போன பணத்தைக் கூட்டினால் முப்பதாயிரத்தை ஒட்டி வருகிறது.

எங்கள் பக்கத் தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகிற டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில், திரும்புவதற்குத் தட்காலில் பார்த்துக்கொள்ளலாம் என்று அசட்டையாகக் கிளம்பிவிட்டோம். இரண்டு பேருக்கும் இந்தி தெரியாது.

முதல் நாள் முழுக்க ஊமை பாஷையில் ஓட்டினோம். மறுநாள் விடிகாலை, தசாசுவமேத கட்டத்துப் படிகளில் நிற்கிறோம். எதிர்க்கரை தெரியாத பனிமூட்டம். நாலாபக்கமும் படகுக்காரர்கள் இந்தியில் கூப்பிடுகிறார்கள். அதற்கு நடுவில் ஒரு குரல்: "வாங்க சார், சாப்டீங்களா? அக்கா, படி வழுக்கும், பாத்து வாங்க."

அந்தச் 'சாப்டீங்களா'வில் விழுந்தோம். அந்த ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். மதுரையில் சில வருஷம் வேலை பார்த்ததாகச் சொன்னார். "நாலு நாளும் நான் பாத்துக்கறேன் சார். ஊர் திரும்பற டிக்கெட் வரைக்கும் நம்ம பொறுப்பு" என்றார். மனைவி, "ஏங்க, தெய்வமே அனுப்பின மாதிரி இருக்கு" என்றாள். நானும் தலையாட்டினேன்.

படகுக்கு மூவாயிரம் வாங்கினார். தனிப் படகு என்று பேச்சு. ஆனால் படகில் ஒரு மராத்திக் குடும்பமும் இருந்தது. இறங்கும்போது அவர்கள் ஆளுக்கு இருநூறு கொடுத்ததைக் கண்ணால் பார்த்தோம். கேட்டதற்கு, "அவங்க பாதி வழியில ஏறினவங்க சார்." எங்களுக்கு முன்னாலேயே அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்!

மணிகர்ணிகையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெரியவர், விறகு வாங்க வழியில்லாத ஏழைகளுக்குத் தானம் என்று கேட்டார். கீழே சிதைகள் எரிகின்றன. அந்த இடத்தில் பேரம் பேச யாருக்கு வாய் வரும்? இரண்டாயிரம் கொடுத்தோம். ரசீது கிடையாது. இது காசியில் பல காலமாக நடக்கிற ஏமாற்று வேலை என்பது ஊர் வந்து நாலு பேரிடம் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

விசுவநாதர் கோயிலில் 'விஐபி தரிசனம்' என்று இரண்டாயிரத்து ஐநூறு. நாங்கள் நின்றது சாதாரண வரிசையில்தான். அதிகாலை என்பதால் கூட்டமில்லை, அவ்வளவுதான். சீக்கிரம் பார்க்க வேண்டுமென்றால் கோயில் நிர்வாகமே 'சுகம் தரிசன்' சீட்டு தருகிறது. இணையதளத்திலேயே எடுக்கலாம். இடையில் ஆள் எதற்கு?

சாரநாத்துக்கு வெள்ளிக்கிழமை கூட்டிப்போனார். தமேக் ஸ்தூபியைச் சுற்றி வந்தோம், அவ்வளவு உயரம், பக்கத்தில் நின்றால் கழுத்து வலிக்கிறது. நான் முக்கியமாகப் பார்க்க ஆசைப்பட்டது அசோகர் தூணின் சிங்கத் தலை. நம் ரூபாய் நோட்டில் இருக்கிற அதே சிங்கங்கள். அது அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தினமும் ஆள் கூட்டிப்போகிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? அங்கே நேரம் மிச்சமானால்தானே அடுத்த இடத்துக்குப் போக முடியும்.

அடுத்த இடம் சேலைக் கடை.

தரையில் வெள்ளை மெத்தை, இஞ்சி டீ, ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப்போட்ட சேலைகள். கடைக்காரர் ஒரு சேலையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து நூல் உருவித் தீக்குச்சியைக் காட்டினார். முடி கருகுகிற வாசனை. சாம்பலை விரலில் தேய்த்தார், பொடியாக உதிர்ந்தது. "சுத்தப் பட்டு, கைத்தறி" என்று நம்மாள் மொழிபெயர்த்தார். பதினான்காயிரத்து ஐநூறு.

ஊர் வந்ததும் காஞ்சிபுரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் தறி போடும் ஒருவரிடம் காட்டினோம். அவர் குஞ்சத்தைத் தொடவே இல்லை. உள்பக்கம் தையலுக்கு விடும் இடத்தில் குறுக்கே ஓடும் ஒரு இழையை ஊசியால் நெம்பி எடுத்துப் பற்றவைத்தார். சுருண்டு, உருகி, கறுப்பாய் ஒரு மணி போல ஊசிமுனையில் ஒட்டிக்கொண்டது. "குஞ்சத்துல இருக்கறது பாவு நூல்மா. பாவு பட்டு, ஊடை பாலியஸ்டர். ஊடை குஞ்சத்துக்கு வராதே" என்றார். பாவு என்றால் நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை குறுக்கே ஓடுவது. எரித்துக் காட்டியது பொய்யில்லை. எரித்த நூல்தான் வேறு. பில்லை எடுத்துப் பார்த்தால் 'சேலை 1' என்று மட்டும் எழுதியிருந்தது. பட்டு என்ற சொல்லே இல்லை. மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் பட்டுக்குத்தான் சாட்சி, கைத்தறிக்கு வேறு முத்திரை.

சரி, இதெல்லாம் பணம்தான். திரும்பிய கதையைக் கேளுங்கள்.

சனிக்கிழமை இரவு முகல்சராயிலிருந்து ரயில் என்றார். மூன்றாம் ஏசி, இரண்டு பேருக்கு 'கோட்டா செலவு' சேர்த்து ஏழாயிரம். டிக்கெட்டை வாட்ஸாப்பில் படமாக அனுப்பினார். மேலே பிஎன்ஆர் எண், எங்கள் பெயர்கள் இருந்தன. அதற்குக் கீழே படம் வெட்டியிருந்தது. "பெர்த் நம்பர் எங்கே?" என்றேன். "சார்ட் போட்டதும் வந்துடும் சார்." சார்ட் என்றால் ரயில் கிளம்பும் முன் தயாராகும் பயணிகள் பட்டியல். உறுதியான மூன்றாம் ஏசி டிக்கெட் என்றால் பெட்டி, பெர்த் எண்கள் எடுக்கும்போதே இருந்திருக்க வேண்டும். ரயில்வே விசாரணை எண்ணான 139-க்கு ஒரு போன் போட்டு அந்த பிஎன்ஆரைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் குட்டு உடைந்திருக்கும். போடவில்லை.

(ஒரு தகவல்: ஸ்டேஷன் போர்டில் முகல்சராய் என்று தேடாதீர்கள். 2018-இல் பெயரைப் பண்டித தீன்தயாள் உபாத்யாயா என்று மாற்றிவிட்டார்கள். நாங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கித் திருதிருவென்று முழித்தோம்.)

பனியால் ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். நடுராத்திரி தாண்டி வந்ததும் ஓடிப்போய் டிக்கெட் பரிசோதகரிடம் போனை நீட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டு நிதானமான ஆங்கிலத்தில் விளக்கினார். அது காத்திருப்புப் பட்டியல் டிக்கெட். ஆன்லைனில் எடுத்தது என்பதால் சார்ட் போட்டதும் தானாகவே ரத்தாகிவிட்டது. ஏறினால் டிக்கெட் இல்லாத பயணி கணக்கு. பணம் எந்தக் கணக்கிலிருந்து கட்டப்பட்டதோ அதற்கே திரும்பிவிடும்.

அதாவது, எங்கள் ஏழாயிரமும் அவரிடம், ரயில்வே திருப்பித் தந்ததும் அவரிடம். ரத்தான எஸ்எம்எஸ்கூட அவர் போனுக்குத்தான் போயிருக்கும், பதிவில் கொடுத்தது அவர் எண்தானே. ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனது. மனைவி பெட்டிமேல் உட்கார்ந்து சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

விடிந்ததும் காசிக்கே திரும்பினோம். அனுமான் கட்டப் பக்கம், பாரதியார் இளமையில் இருந்த அதே தமிழ்த் தெருவில், ஒரு வயதான சாஸ்திரிகள் எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். தங்க இடம் காட்டி, ரசம் சாதம் போடச் சொல்லி, தன் பேரனை எங்களோடு ரிசர்வேஷன் கவுன்ட்டருக்கு அனுப்பினார். ஏசி தட்கால் பத்து மணிக்கு, ஸ்லீப்பர் பதினொன்றுக்கு. ஏசி கைநழுவியது, ஸ்லீப்பர் கிடைத்தது. சாஸ்திரிகள் காசு வாங்கவில்லை. அவரும் தமிழ்தான் பேசினார் என்பதையும் எழுதியாக வேண்டும்.

ஜபல்பூர் தாண்டும்வரை குளிர் எலும்பில் இறங்கியது. நாக்பூருக்குப் பிறகுதான் மனைவி வாய் திறந்தாள்.

அனுமதியில்லாமல் ரயில் டிக்கெட் வாங்கி விற்பது ரயில்வே சட்டப்படி குற்றம். யுபிஐயில் அனுப்பிய ஏழாயிரத்துக்கு ஆதாரம் இருப்பதால் ரயில்வே பாதுகாப்புப் படைக்கு எழுதிப் புகார் கொடுத்திருக்கிறேன். கையில் ரொக்கமாகக் கொடுத்ததற்கு எதைக் காட்டுவது? அந்த ஆள் இரண்டு முறை "அனுப்பிடறேன் சார்" என்றார். அப்புறம் போனை எடுப்பதில்லை.

ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து விசுவநாதர் படத்தோடு வணக்கம் வந்துவிடுகிறது. ஆதாரமாக இருக்கட்டும் என்று பிளாக் செய்யாமல் வைத்திருக்கிறேன். இன்றைக்குக் கூடவே ஒரு வரி: "சிவராத்திரிக்கு வரீங்களா சார்? டிக்கெட் இருக்கு."