ரீமேப், ஹைப்ரிட், பெரிய டர்போ: எதில் கை வைப்பது?

பெட்ரோல் டர்போ காரில் இன்னும் கொஞ்சம் பவர் வேண்டும் என்றால் வழி மூன்று. டர்போ என்பது, எக்ஸாஸ்ட் ஒரு பக்கம் டர்பைன் வீலைச் சுழற்ற, அதே ஷாஃப்டின் மறுமுனையில் கம்ப்ரஸர் வீல் இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. இருக்கிற டர்போவை வைத்துக்கொண்டே ஈசியுவை, அதாவது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் கணக்கை, மாற்றி எழுதி ரீமேப் செய்யலாம். அதே டர்போவின் உறையைக் கடைந்து, உள்ளே பெரிய கம்ப்ரஸர் வீல் வைத்து ஹைப்ரிட் டர்போ ஆக்கலாம் (பேட்டரி ஹைப்ரிட் கார் வேறு). இல்லையென்றால் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிய டர்போவையே மாட்டலாம். நான் ரீமேப்பில் ஆரம்பித்து ஹைப்ரிட்டுக்கு வந்தவன். எந்தப் பக்கம் சாய்வேன் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

ரீமேப்பைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. செலவு குறைவு, பிடிக்காவிட்டால் பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். தினமும் ஆபீஸுக்குப் போய்வருகிற காருக்கு அதுவே தாராளம். ஆனால் சின்ன கம்ப்ரஸர் வீலை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் காற்று கூடாது, சூடுதான் கூடும். காற்று சூடானால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிக்கும். அதைத் தவிர்க்க ஈசியு இக்னிஷனை, அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை, தள்ளிப்போடும். மேல் ஆர்பிஎம்மில் இழுவை சோர்ந்துபோவது இதனால்தான்.

பெரிய டர்போ அந்த இடத்தில்தான் ஜொலிக்கும். ஆனால் கனமான டர்பைன் வீலைச் சுழற்ற நிறைய எக்ஸாஸ்ட் வேண்டும், அதனால் கீழ் ஆர்பிஎம்மில் கார் தூங்கும். ஷாஃப்டுக்குப் பால் பேரிங் (குண்டு பேரிங்) வைத்தால் லேக் எனும் இந்தத் தாமதம் குறையும், ஒரேயடியாகப் போய்விடாது. இன்ஜெக்டர், ஃப்யூயல் பம்ப், இன்டர்கூலர், க்ளட்ச் என்று செலவு நீள்வது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஹைப்ரிட்டுக்கும் இதில் பாதியாவது தேவைப்படும்.

என்னை ஹைப்ரிட் பக்கம் இழுத்தது லேக் இல்லை, ஆயில்.

டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. சின்ன டர்போக்கள் 2 லட்சத்தையும் தாண்டும். சாதாரண ஜர்னல் பேரிங்கில் அந்த ஷாஃப்ட் உலோகத்தைத் தொடாமல் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. பேரிங் பக்கம் ஏறும் சூட்டை அள்ளிக்கொண்டு போவதும் அதே ஆயில்தான். உள்ளே பிரஷரோடு வருகிற ஆயில், வெளியேறும்போது நுரைத்துப்போய், தன் எடையிலேயே இஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும். ஆகவே ரிட்டர்ன் பைப் அகலமாக, முடிந்தவரை செங்குத்தாக, நடுவில் தொங்கல் இல்லாமல், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். ஷாஃப்டின் இரு முனையிலும் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம். ஆயில் தேங்கினால் அதைத் தாண்டிக் கசியும், பின்னால் நீலப் புகை வரும். ‘சீல் போச்சு’ என்று புது டர்போ வாங்கி மாட்டுவார்கள். அதுவும் புகைக்கும்.

ஹைப்ரிட்டில் கம்பெனி போட்ட ஆயில் பாதையும் கூலன்ட் பாதையும் அப்படியே இருக்கும். பெரிய டர்போவில் ஆயில் உள்ளே வரும் ஃபீட் லைன், ரிட்டர்ன், பைப்பை இணைக்கும் தட்டான ஃப்ளான்ஜ், எக்ஸாஸ்டை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப் என எல்லாம் ஒருவர் கைவண்ணம். பால் பேரிங் என்றால் பெரும்பாலும் ஃபீடில் ஆயில் வரத்தைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் வேண்டும். அதையே பழக்கதோஷத்தில் ஜர்னல் பேரிங்குக்கும் போட்டால் பேரிங் வறண்டு சாகும். நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சில வருஷம் கழித்து ஒரு பைப் கசிந்தால், செய்தவரையே தேடிப் போக வேண்டும்.

ஹைப்ரிட்டின் பலவீனம் பேலன்சிங், அதாவது மாற்றிய வீல் ஷாஃப்டோடு அதிராமல் சுழலும்படி சமன் செய்வது. அதிவேகத்தில் பேலன்ஸ் பார்த்த ரிப்போர்ட் இல்லாமல் வாங்காதீர்கள். கையில் வந்ததும் கம்ப்ரஸர் பக்க நட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஜர்னல் பேரிங்கில் பக்கவாட்டில் லேசாக அசைவது சகஜம். முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற அளவு ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது ஃபீட் பைப்பைப் புதிதாகப் போடுங்கள். ஆயில் ஃப்ளான்ஜில் கேஸ்கெட் மட்டும் போதும். சிலிக்கான் தடவினால் அது உள்ளே பிதுங்கி ஆயில் துளையை அடைக்கும். ஃபீட் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, வீலைக் கையால் சுற்றிவிட்டு, ஸ்டார்ட் ஆகவிடாமல் கிராங்க் செய்து ஆயில் பிரஷர் வந்த பிறகே இஞ்சினை எழுப்ப வேண்டும்.

பெரிய டர்போவை நண்பர் காரில் ஓட்டிப் பார்த்ததோடு சரி, நாள்பட்ட பராமரிப்பை நான் பார்த்ததில்லை. டீசல் கதையும் வேறு. அதில் வரும், உள்ளே இறக்கைகளின் கோணம் மாறும் விஜிடி டர்போவில் கரி படிந்து இறக்கைகள் இறுகுவது தனித் தலைவலி. டிராக்கில் மட்டும் ஓட்டுகிற, மேல் ஆர்பிஎம்மிலேயே வைத்திருக்கிற கார் என்றால் என் வாதம் செல்லாது, பெரியதையே போடுங்கள்.

அப்புறம், ஹைப்ரிட் மாட்டியதும் பழைய ரீமேப் ஃபைலோடு விரட்ட வேண்டாம். அது சின்ன வீலுக்கு எழுதிய கணக்கு. புது ட்யூன் ஏறும்வரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டுங்கள்.