நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பனம்பண்டம் வாங்குவது

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களில் பலர் பள்ளி விடுமுறையை ஒட்டி ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குத்தான் போகிறார்கள். பனம்பண்டம் தேடுபவர்களுக்கு அது அரைகுறைக் காலம். பனங்கிழங்கு மார்கழி, தையில் பாத்தி கிண்டும்போது வருவது. ஆவணியில் கேட்டால் சந்தையில் சிரிப்பார்கள். காயவைத்த கிழங்கான ஒடியலும் புழுக்கொடியலும் இருக்கும், ஆனால் மாதக்கணக்கில் கிடந்த சரக்கு.

அதனால் ஒடியல் கட்டு ஒன்றிலிருந்து ஒரு துண்டை உருவி முறித்துப் பாருங்கள். சடக்கென்று முறிந்தால் நன்றாகக் காய்ந்தது. வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது, பயணப்பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சிறு துளையும் உதிர்ந்த தூளும் தெரிந்தால் உழுத்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரிச் சந்தைகளில் ஆச்சிமார் முறித்துப் பார்க்க விடுவார்கள். கடைப் பக்கெற்றில் அதற்கு வழியில்லை.

அதிகம் ஏமாறுவது மாவில்தான். ஒடியல் என்பது கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவிட்டது. கூழுக்கும் பிட்டுக்கும் அதன் மாவே வேண்டும். புழுக்கொடியல் அவித்துக் காயவிட்டது. அதைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்னலாம் (பல் உறுதியாக இருந்தால்), இடித்துச் சீனியும் தேங்காய்ப்பூவும் கலக்கலாம், கூழுக்கு ஆகாது. எது என்று கேட்டே வாங்குங்கள். சுண்டால் (அளக்கும் பேணியால்) அளப்பவரிடம் தலைதட்டியா, கோபுரமாகவா என்பதையும் முதலில் பேசிக்கொள்ளுங்கள். ஒடியல் மாவில் கயர்ப்பு உண்டு. நிறையத் தண்ணீரில் கரைத்து, மா அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை இறுத்து, இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். மீனும் நண்டும் அவிந்த பிறகே அந்த மாவைக் கூழில் விட வேண்டும், முந்தினால் அடிப்பிடிக்கும்.

பனங்கட்டிக்கு இது மோசமான காலமல்ல. கட்டியை அடைத்து வைக்கும் சின்ன ஓலைப்பெட்டியான குட்டானின் வெளி ஓலை பிசுபிசுத்தால் கட்டி கசியத் தொடங்கிவிட்டது. உடைத்த முகம் சீனிப் பருக்கையாக மினுங்கினால் சீனி சேர்ந்திருக்கலாம். ஓலை காற்றை விடும் என்பதால் குட்டானைக் கடதாசியில் சுற்றி, இறுக மூடும் பையில் போடுங்கள்.

பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்யும் பினாட்டுக்கு அவசரப்பட வேண்டாம். பனம்பழம் அப்போதுதான் விழத் தொடங்கும். கடையில் தொங்குவது போன வருடத்தது. பாணியில் ஊறிய பாணிப்பினாட்டு ஒழுகும், கைப்பையில் வைக்காதீர்கள்.

அவுஸ்திரேலியா போகிறவர்கள் இவை எல்லாவற்றையும் வருகை அட்டையில் குறிப்பிட வேண்டும். அங்கே பெயரும் திகதியும் அச்சிட்ட பொதி உதவும். அந்த ஒரு தேவைக்கு, 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையம் சந்தையைவிட மேல்.