சரிவில் மரம் இழுக்கச் செயற்கை இழைக் கயிறு: எதற்கு நல்லது, எதற்கு வேண்டாம்

12 மி.மீ. எஃகு வயர் ரோப் 100 மீட்டர் எடுத்தால் எடை 60 கிலோவை நெருங்கும். அதே தடிமனில் டைனீமா என்னும் வலுவான பாலிஎதிலீன் இழையில் பின்னிய 12 புரிக் கயிறு 8, 9 கிலோதான். வலிமையிலும் எஃகுக்குச் சளைத்ததல்ல. வின்ச்சிலிருந்து (கயிற்றை டிரம்மில் சுற்றி இழுக்கும் இயந்திரம்) கயிற்றை உருவிக்கொண்டு செங்குத்துச் சரிவில் ஏறி இறங்குபவருக்கு இதன் அருமை முதல் நாளே தெரிந்துவிடும். அறுந்த கம்பி முனை கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஏறும் தொல்லையும் இல்லை. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1990களின் இறுதியில் இதை ஆராயத் தொடங்கியதற்கும் வேலையாளின் உடற்சுமையைக் குறைப்பது முக்கிய நோக்கம்.

வின்ச் கயிறாகவும், தடி இழுக்கும் கயிறுகளை உயர்த்திப் பிடிக்கும் கோபுரத்தைத் தாங்கும் இழுகயிறாகவும் தாராளமாக வாங்கலாம். ஸ்கைலைனுக்கு, அதாவது தடியைச் சுமக்கும் வண்டி மேலே ஓடும் கயிற்றுக்கு, வேண்டாம். வண்டியின் சக்கரமும் பிடிக்கட்டையும் ஓரிடத்தையே தேய்த்துச் சூடாக்கும். இழை உருகுவது 145 டிகிரி செல்சியஸ் அருகில்தான் என்றாலும் 65, 70 டிகிரியிலேயே வலு தளர ஆரம்பிக்கும்.

பொருத்தும்போதுதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கயிறு வழுவழுப்பானது, எஃகுக்குப் போதுமான நான்கைந்து சுற்று இதற்குப் போதாது, டிரம்மில் எப்போதும் குறைந்தது எட்டுச் சுற்றாவது மிச்சமிருக்க வேண்டும். முதல்முறை சுற்றும்போது இழுவிசை கொடுத்தே சுற்றுங்கள். இல்லாவிட்டால் மேல் சுற்று கீழ் அடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். வயர் ரோப் ஓடிய கப்பியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டினால் தேய்த்து மழுங்கடித்த பிறகே கயிற்றைப் போடலாம். முடிச்சு போட்டால் பாதி வலிமை போய்விடும். கயிற்று நுனியில் கண்ணியை (வளையத்தை) பிணைத்தே செய்ய வேண்டும்: வாலைக் கயிற்றின் விட்டத்தைப் போல் 72 மடங்கு, அதாவது 12 மி.மீ. கயிற்றுக்கு சுமார் 86 செ.மீ., உள்ளே செருக வேண்டும். தடியைச் சுற்றும் பகுதிக்குச் சங்கிலிச் சோக்கர் (தடியை இறுக்கிப் பிடிக்கும் சுருக்கு) தான். பாறையிலும் மண்ணிலும் உராயும் வேலையை இந்தக் கயிற்றுக்குக் கொடுக்கக் கூடாது.

பளபளப்பான, விறைத்த இடம் கண்ணில் பட்டால் இருகையாலும் பிடித்து முன்னும் பின்னும் வளையுங்கள். இளகிவிட்டால் அது வெறும் அழுத்தம்தான், கவலையில்லை. இளகாமல் கட்டியாகவே நின்றால் இழை உருகியிருக்கிறது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீண்டும் பிணைக்க வேண்டும். புரிகளில் கால்பங்கு தேய்ந்துவிட்டாலும் அதே கதிதான்.

விலை எஃகைவிடப் பல மடங்கு. ஆனால் வெட்டிய துண்டுகளும் வீணல்ல: பிணைப்பு கற்கும் மாணவர்களுக்கு இரண்டரை மீட்டர் துண்டு ஒன்றே போதும்.